கலம் என்னும் சொல்லும் கிறீன் வைத்தியரும்

சொல்லின் பொருள் அறியாமையால் வழக்கில் தோற்றாரையும் வாணிகத்தில் நட்டமுற்றாரையும் உலகம் அறியும். அதனால் உயிருக்கே இடர் தேடிக்கொண்டாரை அத்துணை அறியாது. புத்தளக் கடற்கரையில், கற்பிட்டிக்கும் உடப்புக்கும் இடைப்பட்ட ஊர்களிலே நெடுங்காலம் தமிழ் கற்பித்து வரும் எமக்கு, அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை நேரிற் காணும் வாய்ப்பு நேர்ந்தது.

கரைவலை இழுத்து முதுமையுற்ற பெரியவர் ஒருவர் நெஞ்சுநோவினால் வைத்தியசாலைக்குச் சென்று, சில நாள் தங்கி மீண்டார். அவர் கையிற் கொடுத்தனுப்பிய துண்டிலே அவருடைய நோயின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. மூன்று வெசல் நோய் என்பது அதன் சொற்பொருள். பேரன் பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டினான். வெசல் என்பதற்குப் பாத்திரம் என்று பொருள் கண்டான். அடுக்களையிலே நெடுநாளாகப் புழங்கிய அலுமினியச் சட்டிகள் மூன்று இருந்தன. மூன்று பாத்திரத்தால் வந்த நோய் என்று வீட்டார் துணிந்தனர். சட்டிகள் மூன்றையும் வெளியே எறிந்து மண்சட்டி வாங்கினர். நோயின் மூலம் தொலைந்தது என்னும் நிம்மதியிலே பெரியவர் குளிசைகளையும் நிறுத்திவிட்டார். வேறோர் அலுவலாக மனு எழுதுவித்துக் கொள்ள எம்மிடம் வந்தபோதுதான் அத்துண்டு எம் கண்ணிற் பட்டது. இதயத்துக்குக் குருதி ஊட்டும் குழாய்கள் மூன்றிலும் அடைப்பு உண்டென்பதே அதன் கருத்து என்று எடுத்துரைத்தோம். அவர் முதலிற் சிரித்தார், பின்பு பேச்சற்றிருந்தார். மறுநாளே மீண்டும் வைத்தியசாலைக்குப் போனார்.

இதிலே சிறுவனைக் குறைகூற இயலாது. ஆங்கிலத்தில் அச்சொல் அடுக்களைப் பாத்திரத்தையும் குறிக்கும், கடலில் ஓடும் கப்பலையும் குறிக்கும், உடலிற் குருதி ஓடும் குழாயையும் குறிக்கும். சிறு பானையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. நம் தமிழிலுள்ள கலம் என்னும் சொல்லோ இதற்குச் சிறிதும் பின்வாங்கியதன்று. குயவன் வனைவதும் கலம், உண்பதும் கலத்தில், நெல் அளப்பதும் கலத்தால், திரைகடலில் ஓடுவதும் மரக்கலம். இலங்கைப் பாடநூல்களிலே குருதி ஓடும் குழாய்களுக்குக் குருதிக்கலன்கள் என்னும் பெயர் வழங்குகின்றது. ஆகவே இரு மொழியும் ஒரே வழியிற் சிந்தித்திருக்கின்றன. குறைவாயிருந்தது ஒன்றே: ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பொருளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பார் அங்கே இல்லை. அப்பணியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஒருவர் ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டுக்கு வந்தார். அவரே மானிப்பாய் கண்ட சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்பது ஒரு நகர். அதன் அருகே கிறீன் குன்று என்னும் பண்ணையிலே, 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் சாமுவேல் பிறந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம் அது. அவருக்கு மூத்தவரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பிற்காலத்திலே நியூயோர்க் மாநகரின் நடுப் பூங்காவை அமைப்பதில் முன்னின்றவர். 1898இல் அயல் நகரங்களை இணைத்துப் பெருநகராக்கியவர் என்று புகழப்பட்டவர். ஒருவர் ஒரு மாநகரைக் கட்டினார். மற்றவர் கடல் கடந்து வந்து ஒரு மொழிக்கு ஒரு துறையைக் கட்டினார்.

இளமையிலேயே தாயை இழந்த சாமுவேல், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தொழில் நடத்திப் பொருளீட்ட வாய்ப்பிருந்தும், சமயப் பணியிற் சென்ற உள்ளம் அவரை அமெரிக்க மிஷன் சங்கத்தின்பாற் சேர்த்தது. 1846ஆம் ஆண்டு ஒக்டோபரில், அவருடைய மாநிலத் தலைநகராகிய பொஸ்ரனிலே, ஈதர் என்னும் ஆவியை ஊட்டி நோவறியாமற் சத்திரவைத்தியம் செய்யலாமென்று உலகறியக் காட்டப்பட்டது. அதற்கு ஆறு திங்களின் பின், 1847 ஏப்ரலில், கிறீன் கப்பலேறினார். மேலைத் தேயத்து மருத்துவம் புதுப்பிறவி எடுத்துக்கொண்டிருந்த வேளையிலே அதன் முதற் கதிர்களைத் தம்முடன் கொண்டுவந்தார் எனலாம். சென்னையைத் தொட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணக் கரையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

மானிப்பாய்

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வைத்தியரை அனுப்பியது அதுவே முதன்முறையன்று. 1820ஆம் ஆண்டளவிலேயே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்து நோய் தீர்த்தார். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தியாவார். கிறீன் வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்து, 1848இல் மானிப்பாய்க்கு வந்தமர்ந்தார். அங்கே அவர் தொடங்கிய வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கிக் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையாக விளங்குகின்றது.

வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி குடாநாட்டை வாட்டிய காலம் அது. ஒரு வைத்தியர் இரவுபகலாக உழைத்தாலும் ஊரின் ஒரு மூலைக்கும் போதார் என்பதைக் கிறீன் விரைவிற் கண்டுகொண்டார். தாம் ஒருவர் ஆயிரவரைக் குணப்படுத்துவதிலும், குணப்படுத்த வல்லார் பலரை ஆக்குவதே பெரும்பணி என்று துணிந்தார். ஆகவே வந்த மறுவருடமே, 1848இல், மாணாக்கர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். கொழும்பிலே அரசினர் மருத்துவப் பள்ளியை 1870இல் திறப்பதற்கு 22 ஆண்டுகள் முந்திய செய்தி இது.

முதலில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. வட்டுக்கோட்டைச் செமினரியில் 1823 முதல் உயர்ந்த ஆங்கிலக் கல்வி புகட்டப்பட்டு வந்தமையால், அதற்கேற்ற மாணாக்கர் கிடைத்தனர். ஆனால் ஆண்டுகள் சில சென்றபின் கிறீன் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்திலே தேறிய இளைஞர் உத்தியோகத்தை நாடி நகரங்களுக்குச் சென்றனர். நோயாளரோ கிராமங்களிலே கிடந்தனர். கற்ற மருத்துவம் கற்றவனோடு ஊரைவிட்டுப் போய்விடுமாயின் அது ஊருக்கு எவ்வாறு உதவும் என்பதே அவர் உள்ளத்தை உறுத்திய வினா.

அன்றியும் அவர் தமிழை முயன்று கற்றவர். நோயாளியின் வாய்மொழியைத் தம் செவியாற் கேட்டு, அவனுக்கு விளங்கும் சொல்லால் விடை கூற வேண்டுமென்பது அவர் கொள்கை. நம் கரைப் பெரியவரின் துண்டைப் போன்ற ஒன்றை அவர் எழுதியிருப்பாராயின், அது தமிழில் எழுதப்பட்டிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

1855ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் வந்து பணிகளை ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வியைக் குறைத்துத் தாய்மொழிக்கே முதன்மை தரவேண்டும் என்னும் அவருடைய கருத்தின் விளைவாக வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அது கல்வியுலகுக்குப் பேரிழப்பு என்று வருந்தினார் பலர். அவ்வருத்தத்திலும் நியாயம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியின் மாணாக்கரே. ஆனால் கிறீனைப் பொறுத்தவரையில், தாம் முன்னரே எண்ணியிருந்த தமிழ் மருத்துவக் கல்விக்கு அது காலம் கனிந்த தறுவாயாயிற்று.

தமிழிற் கற்பிக்க வேண்டுமாயின் தமிழில் நூல் வேண்டும். நூல் வேண்டுமாயின் சொல் வேண்டும். இம்மூன்றையும் ஒருவரே முன்னின்று செய்தார். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறும் கற்றர் என்பாரின் நூலும், மகப்பேற்று மருத்துவ நூலும் 1850களிலேயே தமிழில் வந்தன. பின்னர் அவர் உடல்நலம் குன்றித் தாய்நாடு சென்றார். 1862இல் மார்கரெற் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே மனைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864இல் முழுதும் தமிழிலேயே நடைபெறும் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

இவ்விரண்டாம் பருவமே அவர் வாழ்வின் பொற்காலம். 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. லிஸ்ரர் என்னும் பேரறிஞர் புண்ணைக் கிருமியின்றிக் காக்கும் முறையை உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வந்தன. மனுஷ அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியலில் இன்றளவும் பெயர் பெற்ற கிரே என்பாரின் நூலின் தமிழாக்கம். இலண்டனில் அம்மூலநூல் முதலில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது மானிப்பாயிலே தமிழ் பேசிற்று. இன்று எந்த ஒரு பெரிய மருத்துவ நூலாயினும் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளில் தமிழாகின்றதா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. 1875இல் இரசாயனத்தைக் கூறும் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம், 1884இல் இந்து பதார்த்த சாரம் என நூல்கள் தொடர்ந்தன. நான்காயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் இவ்வாறு தமிழுக்கு வாய்த்தன. ஆங்கிலத்தையும் தமிழையும் எதிரெதிரே நிறுத்திய அருஞ்சொற் பட்டியல்களும் உடன் அச்சேறின.

சொல் தேடிய முறை

கிறீன் சொல் தேடிய முறை தமிழாசிரியர் யாவரும் எண்ணிப்பார்க்கத் தக்கது. முதலில் தமிழிலே பொருத்தமான சொல் உண்டோ என்று நாடுவார். இல்லையெனில் வடமொழியை அணுகுவார். அங்கும் அகப்படாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய எழுதுவார். நூற்பெயர்களே இம்முறைக்குச் சான்று பகரும். இரணம் என்பது புண்ணைக் குறிக்க ஊரார் வாயில் வழங்கும் சொல். சத்திரவைத்தியத்துக்கு அதனையே பெயராக்கினார். அங்காதிபாதம் நாட்டு வைத்தியர் அறிந்த பெயர். முடி முதல் அடி வரை உறுப்புகளை முறையே புனைந்துரைக்கும் கேசாதிபாதம் என்னும் புலவர் மரபையும் நினைவூட்டுவது. கரணம் என்பது கருவியும் தொழிலுமாம். உறுப்புகள் செவ்வனே தொழிற்படும் இயல்பைச் சுகரணம் என்றார். இரசாயனத்துக்கோ ஆங்கில ஒலியைத் தழுவிக் கெமிஸ்தம் என்றார். இச்சொற்களுட் சில இன்று வழக்கொழிந்தன. சில நம் செவிக்கு விந்தையாகத் தோன்றும். ஆயினும் வீட்டிலும் வயலிலும் வழங்கும் சொல்லை முதலிற் கேட்டுப் பார், பின்பே பிறவற்றை நாடு என்னும் அந்த ஒழுங்கு பழுதுபட்டதன்று.

இப்பணியை அவர் தனித்துச் செய்யவில்லை. அவரிடம் பயின்ற தன்வோர்த், சப்மன், சுவாமிநாதன் முதலிய தமிழ் வைத்தியரே மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். பெயர் ஆங்கிலமாயினும் பிறப்பால் இவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரே. மிஷன் பள்ளிகளிற் சேர்ந்தோர்க்கு அமெரிக்கப் பெயர் சூட்டுதல் அக்கால வழக்கம். மாணாக்கர் மொழிபெயர்ப்பதும், ஆசிரியர் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவதுமாக நூல் உருவாயிற்று. தமிழின் நெளிவுசுளிவு அவர்களிடத்தும், மருத்துவத்தின் நுட்பம் இவரிடத்தும் இருந்தன. இரண்டும் கூடாவிடின் ஒரு நூலும் நிறைவேறியிராது. கிறீனின் புகழிலே அம்மாணாக்கர்க்குரிய பங்கை நாம் மறத்தலாகாது.

அவர் பயிற்றிய வைத்தியர் 60க்கு மேற்பட்டோர். அவர்களுட் பாதிக்கு மேலானோர் தமிழிலே கற்றவர்கள். மாணாக்கர் மேனாட்டு உடைக்கும் பழக்கத்துக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழ் வைத்தியன் தமிழனாகவே உடுத்து, தமிழனாகவே வாழ்ந்து, தன் மக்களிடையே நடமாட வேண்டும் என்பார். காற்சட்டையும் தொப்பியும் நோயாளிக்கும் வைத்தியனுக்கும் இடையே சுவராகிவிடும் என்று அஞ்சினார். மேனாட்டார் ஒருவர் இவ்வாறு கருதியமை வியப்புக்குரியது.

அவர் மனிதரே, குறையற்றவர் என்று கூறுவார் மிகைபடக் கூறுவாராவர். நோய் தீர்ப்பதன் வாயிலாக மக்களைத் தம் சமயத்துக்கு ஈர்ப்பதே அவர் வருகையின் முதல் நோக்கம். அதனை அவர் மறைத்தவரும் அல்லர். அந்நோக்கத்தை ஏலாதார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆயினும் அவர் நட்ட மரத்தின் நிழல் எச்சமயத்தார்க்கும் பொதுவாயிற்று.

பிற்காலம்

1873இல் உடல் தளர்ந்து கிறீன் தாயகம் திரும்பினார். வூஸ்ரரிலே கிறீன் குன்றில் இருந்துகொண்டும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. கப்பல்கள் வாரக்கணக்கிற் கடந்த கடலுக்கு அப்பால் இருந்தே தமிழ்ப் படிகளைத் திருத்தினார். பனி பெய்யும் குன்றின்மேல் ஒருவர் தமிழ் எழுத்தைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்த காட்சியை எண்ணுந்தோறும் எமக்கு உள்ளம் நெகிழும். இறுதி நூல் வெளிவந்த 1884ஆம் ஆண்டிலேயே, மே 28ஆம் நாள், தம் 61ஆம் வயதில் அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவப் பணியாளராக வந்தவர் என்னும் செய்தியே தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென்று விரும்பினார், அவ்வாறே பொறித்தனர்.

அவர் தொடங்கிய தமிழ் மருத்துவக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் எழுந்த அரசினர் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. உத்தியோகமும் பட்டமும் அவ்வழியே கிடைத்தன. தமிழிற் கற்றவர்க்கு ஊரில் மதிப்பிருந்தும் அரசில் இடமில்லாது போயிற்று. நூல்கள் பழைய நூல்நிலையங்களின் அலுமாரிகளில் ஒதுங்கின. தமிழால் மருத்துவம் கூற இயலாது என்று பிற்காலத்தார் கூறியபோது, கூறிக் காட்டிய நூல்கள் அவ்வலுமாரிகளிலே தூசு படிந்து கிடந்தன. சுதந்திரத்தின் பின் இந்நாட்டிலே அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற் றொகுதிகளை ஆக்கியபோது அப்பணி வேறொரு வழியில் மீண்டும் தொடங்கிற்று.

நம் கரையும் அவர் பணியும்

எங்கள் கற்பிட்டியிலே 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுதித் தமிழ் புளூட்டாக் என்னும் பெயரோடு 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். இக்கரையைச் சேர்ந்த தமிழர் ஒருவர் தமிழின் செல்வத்தை ஆங்கில உலகுக்கு ஏற்றுமதி செய்தார். அதே காலத்தில் அமெரிக்கர் ஒருவர் ஆங்கிலத்தின் செல்வத்தைத் தமிழுக்கு இறக்குமதி செய்தார். இருவரும் தத்தம் மொழியைத் தாழ்த்தாமலே மற்றதனை உயர்த்தினர். காசிச்செட்டியின் பெயரை எங்கள் மாணாக்கர்க்குக் கூறும்போதெல்லாம் கிறீனின் பெயரையும் சேர்த்துக் கூறுதல் எம் வழக்கம்.

கலைச்சொல் என்றதும் அது பேரறிஞர்க்கே உரியது, பரீட்சைக்கு மட்டும் வேண்டியது என்று மாணாக்கர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒரு சொல் பாடநூலில் மட்டும் இருந்து, வைத்தியசாலைத் துண்டுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேராதாயின் அது பாதி வழியில் நின்ற தோணியாகும். குருதிக்கலன் என்று பாடநூலிற் படித்த அதே பேரன், வீட்டில் அகராதி பார்த்தபோது அதனை நினைவுகூரவில்லை என்பதையும் நாம் எண்ண வேண்டும். குறை அவனுடையதன்று, சொல்லை வாழ்வோடு பொருத்திக் கற்பிக்காத எம் போன்றோருடையது. கிறீன் தம் மாணாக்கரை நோயாளியின் பாயருகே நிறுத்தியே சொல்லையும் பொருளையும் புகட்டினார். தமிழ் கற்பிப்போரும் அறிவியல் கற்பிப்போரும் ஒருவரையொருவர் நாடி, வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் இதற்கென ஒதுக்கலாகாதா?

கரைவலைப் பெரியவர் இன்றும் குளிசை தவறாது உண்டு நலமாக இருக்கின்றார். மாலையிற் கடற்கரையில் எம்மைக் காணும்போது, தம் மூன்று கலமும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று கூறிச் சிரிப்பார். அடுக்களையில் எறிந்தது ஒரு பொருள், நெஞ்சுக்குள் ஓடுவது ஒரு பொருள், எதிரே அலைமேல் மிதப்பது ஒரு பொருள் என்பதை அவர் இப்போது நன்கு அறிவார்.